116-இல் கிடந்த சோடியம் 156-க்குப் போனது எப்படி? (அப்பச்சி ஐசியூவில், 9-ஆம் நாள்)

முகப்பு | செவ்வாய், இரவு 11:20

வணக்கம். பழைய வீடு, நிலைவாசல், ஆத்தங்குடிக் கல் என்று எழுதத்தான் இங்கே வருவேன். இன்று அதற்கெல்லாம் மனம் இல்லை.

அப்பச்சிக்கு (நகரத்தார் அல்லாதவர்களுக்காக: அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வயது 69. வருகிற தையில் பீமரத சாந்தி (எழுபதாம் வயதில் செய்யும் சடங்கு) வைத்திருந்தோம். அவரும் ஆத்தாவும் பள்ளத்தூரில், நான் சென்னையில். சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது, பிபி அதற்கும் முன்பிருந்தே. இரண்டு வாரத்துக்கு முன்னால் குளிர் காய்ச்சல், நீர்க்கடுப்பு. மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆத்தா இளநீர், பார்லித் தண்ணீர், கஞ்சித் தெளிவு என்று மணிக்கொரு தரம் கொடுத்திருக்கிறார். நான்காம் நாள் காலையில் போனில் என்னை என் பெரியப்பச்சி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதே வயிற்றில் புளி கரைந்தது.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சர்க்கரை 410, சோடியம் 118. "உப்பு குறைஞ்சிருச்சு, அதான் குழப்பம்" என்று சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் 116. அதற்குள் பிபி 80-க்கு இறங்கிவிட்டது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி செப்சிஸ் ஆகிவிட்டது என்று இரவோடு இரவாக மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே வென்டிலேட்டர், பிபியைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்த சோடியம் கணக்கு இது: முதல் நாள் 116, இரண்டாம் நாள் 124, பிறகு 130, 137, 143. ஏழாம் நாள் 150. இன்று ஒன்பதாம் நாள், 156.

என் குழப்பம் மூன்று. உப்புத் தண்ணீர் ஏற்றியும் உப்பு எப்படி இறங்கியது? மதுரையில் 124 வந்ததும் உப்பு மருந்தை நிறுத்திவிட்டு வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்களே, அது ஏன்? இப்போது தலைகீழாக 156 ஆனது யார் தவறு?

பங்காளி ஒருவர் ஐசியூ வாசலில் நின்று, "உப்பு குறைஞ்சதுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.


வேப்பமரத்தடி | செவ்வாய், இரவு 11:52

தம்பி, இதில் என்ன குழப்பம்? குறைந்திருந்தது, அளவு தெரியாமல் அள்ளிப் போட்டார்கள், கூடிவிட்டது. எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் உப்பு குறைந்தது. மோரில் கல்லுப்பு போட்டு இரண்டு வேளை கொடுத்தோம், எழுந்து உட்கார்ந்தார். ஐசியூ என்றாலே மீட்டர் ஓடும் ஆட்டோ.


பழைய ஸ்டெத் | புதன், காலை 6:05

முகப்பு, நான் தேவகோட்டைப் பக்கம் 30 வருடத்துக்கு மேல் பொது மருத்துவம் பார்த்து ஓய்ந்தவன். உங்கள் அப்பச்சியை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நோட்டில் இருக்கும் எண்கள் ஒரு கதை சொல்கின்றன. அதைப் படித்துக் காட்டலாம்.

முதலில் "உப்பு குறைஞ்சிருச்சு" என்ற பேச்சையே நாம் மாற்ற வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை வீட்டில் கிழவர்களுக்கு உப்புக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரத்தச் சோடியம் என்பது உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கு இல்லை. ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற அடர்த்தி. சரியான அளவு 135 முதல் 145 மில்லிமோல். நம் கல்யாண வீட்டுச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா ரசத்தை வாயில் வைத்ததும் சப்பென்று இருக்கிறது. சமையல்காரர் உடனே உப்பை எடுக்க மாட்டார், "எவண்டா தண்ணியை ஊத்துனது?" என்றுதான் முதலில் கேட்பார். சோடியம் குறைந்த நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

உங்கள் அப்பச்சி விஷயத்தில் தண்ணீர் எப்படிச் சேர்ந்தது? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வாசோபிரசின் என்ற ஹார்மோனை விடுகிறது. அது சிறுநீரகத்துக்குப் போய், "தண்ணீரை வெளியே விடாதே, பிடித்து வை" என்று உத்தரவு போடும். சாதாரணமாக ரத்தம் நீர்த்துப் போனால் இந்த உத்தரவு நின்றுவிடும், நாம் குடித்த அதிகத் தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். தொற்று பலமாக இருக்கும்போது நிற்பதில்லை. அழற்சியின்போது சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்கள், வாந்தி, வலி, இறங்கிப்போன பிபி எல்லாம் சேர்ந்து வாசோபிரசினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். நிமோனியா, நம் பக்கம் மழை முடிந்த மாதங்களில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ், இதிலெல்லாம் சோடியம் குறைவதைச் சர்வசாதாரணமாகப் பார்த்திருக்கிறேன். வாசல் அடைத்த குளத்தில் மடை திறந்துவிட்டது போல, அந்த நேரத்தில் இளநீரும் பார்லியும் போயிருக்கின்றன. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. வாசோபிரசின் ஓங்கி நிற்கும் சிறுநீரகம் இந்த 154-ஐயும் அரை லிட்டர் கெட்டிச் சிறுநீரில் அடக்கி வெளியே தள்ளிவிடும். மீதி அரை லிட்டர் வெறும் தண்ணீராக உள்ளே தங்கிவிடும். உப்பு ஏற்றியும் 118 எப்படி 116 ஆகிறது என்பது இதுதான். அதற்காகக் காரைக்குடியில் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பிபி சரிகிற செப்சிஸ் நோயாளிக்கு ரத்தக்குழாயை நிரப்பியே ஆக வேண்டும். 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் முதல் மூன்று மணி நேரத்துக்குள் எடைக்கு ஒரு கிலோவுக்கு 30 மில்லி ஏற்றச் சொல்கிறது. சோடியம் அங்கே இரண்டாம் கவலை.

ஒன்று கேட்கிறேன். அவருடைய பிபி மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஹெச் என்று இருக்கிறதா?


முகப்பு | புதன், காலை 8:40

ஐயா, ஆத்தாவிடம் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆமாம், ஹெச் இருக்கிறது. பின்னால் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. என்று போட்டிருக்கிறது. காய்ச்சல் நாட்களிலும் தவறாமல் கொடுத்திருக்கிறார். "ஒரு வேளை கூட விடல, நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். இளநீர் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.


இரவுப்பணி | புதன், காலை 9:15

சொல்லாதீர்கள் அண்ணா. ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் கோட்டையூர். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஆத்தாவும் "நான் குடுத்ததாலதானா?" என்று ஒரு தடவையாவது கேட்பார். காய்ச்சல்காரருக்கு நீர் ஆகாரம் கொடு என்று காலம் காலமாக நாம்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.


பழைய ஸ்டெத் | புதன், காலை 9:50

அந்த ஹெச்தான். தயசைடு வகை நீர்மாத்திரை சிறுநீரோடு சோடியத்தை வெளியேற்றும், சிறுநீரை நீர்க்க விடாது. வயதானவர்களுக்குச் சோடியம் குறைவதற்கு மிகப் பழக்கமான மருந்துக் காரணம் இது. மாத்திரை நல்ல மாத்திரைதான், கோடிப் பேர் சாப்பிடுகிறார்கள். ஆனால் காய்ச்சல், வாந்தி, பேதி வரும் நாட்களில் இதைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மாத்திரை எழுதிய நாளிலேயே நாங்கள் சொல்லி அனுப்புவதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை, என்னையும் சேர்த்து.


இரண்டாமாண்டு பிஜி | புதன், மதியம் 2:30

அண்ணா, தீவிர சிகிச்சைப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் திருத்தம் முதலில். சேர்த்தபோது சர்க்கரை 410 இருந்திருக்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும், சோடியம் நீர்த்துத் தெரியும். 100-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் 1.6 கூட்டிக்கொள்வது பழைய கணக்கு. 2.4 கூட்ட வேண்டும் என்பது பிறகு வந்த கணக்கு. எப்படிப் பார்த்தாலும் அவருடைய 118 என்பது உண்மையில் 123 முதல் 125. அதுவும் தாழ்வுதான். ஆனால் இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கும்போதே சோடியம் நாலைந்து புள்ளி தானாக ஏறும்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். குழப்பம், வலிப்பு மாதிரி மூளை அறிகுறி இருந்தால் 3 சதவீத உப்புக் கரைசலை 100, 150 மில்லி என்று சின்னச் சின்னதாக ஏற்றுவோம். அதில் லிட்டருக்கு 513 மில்லிமோல் சோடியம். நாலு முதல் ஆறு புள்ளி ஏறினாலே மூளை வீக்கத்தின் ஆபத்து தணிந்துவிடும். அதற்கு மேல் அவசரம் வேண்டாம். சோடியம் இரண்டு நாளுக்கு மேல் தாழ்ந்தே இருந்தால் மூளைச் செல்கள் தங்கள் உள்சரக்கை வெளியே தள்ளி, வீங்காமல் சமாளித்துப் பழகிவிடும். அந்த நிலையில் வெளியே சடாரென்று உப்படர்த்தியை ஏற்றினால் செல்லிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு, மூளைத்தண்டில் நரம்பின் மேலுறை கழன்று போகலாம். 1959-இல் ஆடம்ஸும் சகாக்களும் குடிநோயாளிகளிடமும் ஊட்டம் குறைந்தவர்களிடமும் இதை முதலில் விவரித்தார்கள். சோடியத்தின் வேகத்தோடு இருக்கும் தொடர்பு பிற்பாடு தெரிந்தது. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8, மிஞ்சினால் 10 என்று கோடு கிழித்திருக்கிறோம். உங்கள் நோட்டில் 116-லிருந்து 124. சரியாக எட்டு. அங்கே நிறுத்தி, இன்னும் ஏறிவிடாமல் இருக்க டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நீங்கள் சொன்ன சர்க்கரைத் தண்ணீர், கொடுத்திருக்கிறார்கள். அது தடுமாற்றம் இல்லை, கவனமான கை.

டொரன்டோவின் 5 மருத்துவமனைகளில் 22,000-க்கு மேற்பட்ட சேர்க்கைகளைப் பார்த்து 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த நரம்புறைச் சேதம் 12 பேருக்குத்தான் வந்திருந்தது. அதிலும் 7 பேருக்குச் சோடியம் வேகமாக ஏறவேயில்லை. கோடு தேவைக்கு மேல் இறுக்கமோ என்று இப்போது விவாதம் நடக்கிறது. என் பேராசிரியர் அதைக் கேட்டால் முகம் சிவப்பார்.


வேப்பமரத்தடி | புதன், மாலை 4:10

படித்தேன். மோர் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் 156? அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே. டாக்டர்கள் டாக்டர்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று நான் சொல்லலாமா கூடாதா?


இரவுப்பணி | புதன், மாலை 5:35

சொல்லுங்கள் மாமா, தப்பில்லை. 156-க்கு நான் பதில் சொல்கிறேன், சார்ட் எழுதுவது நாங்கள்தானே.

அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. அப்பச்சி ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறார் என்று யாராவது சொன்னார்களா? முதல் இரண்டு நாள் பை காலியாக இருந்திருக்கும். பிறகு மூன்று, மூன்றரை லிட்டர் என்று நிரம்பியிருக்கும். அடிபட்ட சிறுநீரகம் தேறிவரும்போது சிறுநீரைக் கெட்டியாக்கும் திறமை கடைசியில்தான் திரும்பும். அதுவரை தண்ணீரை ஓட்டை வாளி போல விட்டுக்கொண்டிருக்கும். கூடவே, தேங்கியிருந்த யூரியாவும் சர்க்கரையும் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வீங்கியிருக்கிறதென்று லேசிக்ஸ் (நீர் பிரியவைக்கும் மருந்து) போட்டிருந்தால் அது தனி. காய்ச்சல் 39, 40 என்று அடித்தால் தோலிலும் மூச்சிலும் போகும் தண்ணீர் எந்தச் சார்ட்டிலும் ஏறாது.

இன்னொரு பக்கம் உப்பு சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பிபி மருந்தைக் கரைக்கச் சலைன், ஆன்டிபயாட்டிக்கைக் கரைக்க 100 மில்லி சலைன் மூன்று வேளை, குழாய் அடைக்காமல் இருக்கச் சலைன். ஆன்டிபயாட்டிக் சிலவற்றிலேயே சோடியம் இருக்கிறது. அமிலம் கூடியிருந்தால் சோடியம் பைகார்பனேட். இதெல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் சலைன் யாரும் எழுதாமலே ஏறியிருக்கும். இதை நாங்கள் எங்களுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு என்போம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. நமக்குச் சோடியம் 145-ஐத் தொடுவதற்கு முன்பே தாகம் எடுத்துவிடும், செம்பை எடுத்துக் குடித்துவிடுவோம். வாயில் குழாயோடு மயக்க மருந்தில் கிடப்பவருக்குத் தாகம் எடுத்தாலும் சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக நாங்கள்தான் தாகப்பட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு இரண்டு வென்டிலேட்டர் நோயாளிகளை ஒருத்தியே பார்க்கும்போது, மூக்குக்குழாயில் 200 மில்லி தண்ணீர் விடவேண்டிய வேளை தள்ளிப்போயிருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.


இரண்டாமாண்டு பிஜி | புதன், இரவு 8:05

அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்றே ஒன்று. ஐசியூவுக்கு வந்தபின் ஏறுகிற சோடியத்தைப் பராமரிப்பின் தரத்தைக் காட்டும் அளவு என்றே எழுதியவர்கள் இருக்கிறார்கள். வேப்பமரத்தடி மாமா கேட்டது நியாயம். எங்களால் தடுக்க முடிந்த பங்கு அதில் உண்டு.


பழைய ஸ்டெத் | புதன், இரவு 9:20

தம்பி, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு நீங்கள் முதல் ஐந்து நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பிபி 80-இல் கிடப்பவருக்கு 130-இல் வைத்து லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் விட்டால் மூளை வீங்கும். அந்த ஐந்து நாள் "ஏறாதே ஏறாதே" என்று கயிறு பிடித்தவர்கள், 143 வந்த அன்று திரும்பி மறுபக்கக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். 143 வந்ததும் அறிக்கையில் சிவப்பு நிறம் போய்விடும், எல்லோரும் மூச்சு விடுவார்கள், வேறு பிரச்சினைக்குப் போய்விடுவார்கள். 143 நல்ல எண்தான். ஆனால் நாளுக்கு ஆறு ஏழு என்று ஏறிக்கொண்டு வந்து நிற்கும் 143 வேறு. நானும் இதே இடத்தில் சறுக்கியவன்தான்.


மின்முனை | வியாழன், காலை 7:10

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. ஆனால் சோடியத்தை அளப்பது மின்வேதியியல், அங்கே வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு. (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். 1953 பொங்கலன்று திறந்தது. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் காலேஜுக்குப் போகிறார்கள், உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருவரும் கேட்பதில்லை.)

முகப்பு அவர்களே, உங்கள் நோட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் ஒரே கருவியில் எடுத்தவையா? ஐசியூவில் ஏபிஜி கருவி (தமனி ரத்தத்தின் வாயுக்களை அளப்பது, சோடியத்தையும் சொல்லும்) இருக்கும், கீழே லேபில் பெரிய கருவி இருக்கும். இரண்டிலும் இருப்பது சோடியத்தை மட்டும் அடையாளம் காணும் மின்முனைதான். ஏபிஜி கருவி ரத்தத்தை அப்படியே தொட்டு அளக்கும். லேபின் பெரிய கருவி பெரும்பாலும் சீரத்தைப் பல மடங்கு நீர்க்கவைத்து அளந்துவிட்டு, திரும்பப் பெருக்கிச் சொல்லும். அப்படிப் பெருக்கும்போது "சீரத்தில் 93 சதவீதம் தண்ணீர், மீதி 7 சதவீதம் புரதமும் கொழுப்பும்" என்று ஓர் ஊகம் உள்ளே இருக்கிறது. கொழுப்பு எக்கச்சக்கமாக இருந்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து தெரியும். புரதம் வற்றிப்போன நோயாளிக்குப் பொய்யாகக் கூடித் தெரியும். இரண்டு கருவியின் எண்களையும் ஒரே வரிசையில் எழுதி "இன்று ஏறியது, நாளை இறங்கியது" என்று பார்த்தால் இல்லாத பேயைத் துரத்துவோம்.


இரவுப்பணி | வியாழன், காலை 7:45

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதை எங்கள் வார்டில் வந்து சொல்லுங்கள். கூட இன்னொன்று: டிரிப்ஸ் ஓடும் அதே கையில் ரத்தம் எடுத்தாலும் எண் பொய்யாகும். சலைன் ஓடினால் ஒரு மாதிரி, டெக்ஸ்ட்ரோஸ் ஓடினால் சர்க்கரை 600, சோடியம் 120 என்று வந்து எல்லோரையும் ஓடவைக்கும்.


முகப்பு | வியாழன், மதியம் 1:15

கேட்டேன். முதல் ஐந்து நாள் எண்கள் ஏபிஜி, 150-உம் 156-உம் லேப். நேற்று ஒரே நேரத்தில் இரண்டும் எடுத்திருக்கிறார்கள்: லேப் 156, ஏபிஜி 152. ஆல்புமின் (ரத்தத்திலுள்ள முக்கியப் புரதம்) 2.1தான் இருக்கிறதாம், குறைவு. மின்முனை ஐயா சொன்னதைச் சின்ன டாக்டரிடம் சொன்னேன், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். வணிகவியல் என்றேன்.

சிறுநீர் நேற்று 3,400 மில்லி. அக்கா சொன்னது அப்படியே.

மயக்க மருந்தை நிறுத்தி ஒன்றரை நாள் ஆகிறது. கண் திறக்கிறார், ஆனால் பார்வை யார் மேலும் நிற்கவில்லை. அந்த நரம்புறைச் சேதமாக இருக்குமோ?


இரண்டாமாண்டு பிஜி | வியாழன், மாலை 3:40

இங்கிருந்து சொல்ல முடியாது அண்ணா, பார்க்கிற நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் எண்களை வைத்து ஆறுதலாக ஒன்று சொல்லலாம். 8, 6, 7, 6 என்றுதான் ஏறியிருக்கிறது, கோட்டைத் தாண்டவில்லை. கூடிய சோடியமே மந்தத்தைக் கொடுக்கும். செப்சிஸே மூளையை மங்கவைக்கும். சிறுநீரகம் சரியாகாதவர்களுக்கு மயக்க மருந்து உடம்பைவிட்டுப் போக நாளாகும். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ கேட்பார்கள்.

தண்ணீர்க் கணக்கும் போட்டுப் பார்த்தேன். எடை 62 கிலோ என்று வைத்தால், வயதான ஆணுக்குப் பாதி எடை தண்ணீர், 31 லிட்டர். லேபின் 156-ஐ 140-க்குக் கொண்டுவரச் சுமார் மூன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் பாக்கி. ஏபிஜியின் 152 என்றால் இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். அன்றாடம் சிறுநீரில் போவதையும் தனியாக ஈடுகட்ட வேண்டும்.


மலாயாப் பேரன் | வியாழன், இரவு 10:30

கிள்ளானிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் புதுவயல். இணையத்தில் ஆய்வுகளைப் புரட்டினேன். சோடியம் குறைந்த செப்சிஸ் நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள், கூடியவர்கள் இன்னும் அதிகம் இறக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் எண்ணைச் சரிசெய்தால் பிழைப்பார்கள் என்றுதானே அர்த்தம்? இதை ஏன் முதல் நாளே முனைந்து செய்யவில்லை?


இரண்டாமாண்டு பிஜி | வெள்ளி, காலை 6:20

நைட் டியூட்டி முடிந்தது, தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நீங்கள் படித்தது சரி. சோடியத்தை ஒரு பக்கமும் இறப்பை இன்னொரு பக்கமும் வைத்து வரைந்தால் கோடு தூளி மாதிரி இருக்கும். நடுவில் தாழ்ந்து, இரு முனையும் மேலே. ஆஸ்திரியாவில் 77 ஐசியூக்களில் 10 ஆண்டுகளில் சேர்ந்த 1,51,486 பேரின் கணக்கை 2010-இல் வெளியிட்டார்கள். வரும்போதே 17.7 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு, 6.9 சதவீதம் பேருக்குக் கூடுதல். லேசான மாற்றம் இருந்தவர்களுக்கும் இறப்பு அபாயம் கூடுதலாகவே தெரிந்தது. நோயின் தீவிரத்தை எடைபோட 1985-இலிருந்து நாங்கள் பயன்படுத்தும் அபாச்சி-2 மதிப்பெண்ணில் சோடியம் ஓர் அங்கம். செப்சிஸ் என்று சொல்ல 2016-க்குப் பிறகு பார்க்கும், உறுப்புகளின் பழுதை எடைபோடும் சோஃபா மதிப்பெண்ணில் அது இல்லை.

ஆனால் இவை எல்லாம் பதிவேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்த ஆய்வுகள். வேலி சாய்ந்து கிடந்தால் மாடு புகுந்துவிட்டது என்று தெரியும். வேலியை நிமிர்த்தி வைத்தால் மேய்ந்த பயிர் திரும்பாது. சோடியம் 116 ஆனவருக்கு ஏன் ஆனது? தொற்று பலம், வாசோபிரசின் ஓங்கியது, நீர்மாத்திரை, சிலருக்கு ஈரலோ இதயமோ ஏற்கெனவே பழுது. மூட்டுவலிக்கு ஊர்ப் பொடி என்று ஸ்டீராய்டு கலந்ததை மாதக்கணக்கில் சாப்பிட்டு நிறுத்தியவருக்கு அட்ரீனல் சுரப்பி படுத்திருக்கும், அதிலும் சோடியம் இறங்கும். 156 ஆனவருக்கு ஏன் ஆனது? நினைவில்லை, சிறுநீரகம் பழுது, ஐசியூவில் நாளாகிவிட்டது. இறப்பைக் கூட்டுபவை இந்தக் காரணங்களா, சோடியமேவா? கொஞ்சம் சோடியமும்தான் என்பது என் எண்ணம். மூளையையும் தசையையும் அது தொடுகிறது. எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எந்தத் திரவம் என்று கேட்பீர்கள். சலைனா, ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்) போன்று உப்புகளின் அளவு ரத்தத்தை ஒட்டியிருக்கும் சமநிலைத் திரவமா என்று பிரேசிலில் ஒன்று (2021), ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஒன்று (2022) என்று பெரிய சோதனைகள் நடந்தன. இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. செப்சிஸுக்கு இன்னும் முதலிடம் நேரத்தில் விழுந்த ஆன்டிபயாட்டிக்குக்குத்தான். முகப்பு அண்ணாவின் பங்காளி கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்: உப்பு குறைந்ததற்காக ஐசியூ இல்லை, எது உப்பைக் குறைத்ததோ அதற்காக.


மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 9:00

இந்த இழையில் மருந்து அளவு கேட்டு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். மருத்துவமனையின் பெயரைக் கேட்ட பதிவுகளையும்தான்.


முகப்பு | சனி, இரவு 10:45

மூக்குக்குழாயில் நாலு மணிக்கொரு தரம் தண்ணீர், கூடவே டெக்ஸ்ட்ரோஸ். ஆன்டிபயாட்டிக் கரைப்பதையும் முடிந்தவரை சலைனிலிருந்து மாற்றிவிட்டார்களாம். ஏபிஜி 152, 149, இன்று 147. எம்ஆர்ஐயில் மூளைத்தண்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். சாயங்காலம் கையைப் பிடி என்றேன், பிடித்தார். பலமில்லை, ஆனால் பிடித்தார்.


வேப்பமரத்தடி | சனி, இரவு 11:02

குன்றக்குடி முருகனுக்கு ஒரு அர்ச்சனை போட்டுவிட்டு வந்தேன் தம்பி. டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.


முகப்பு | புதன், இரவு 9:30

திங்கட்கிழமை குழாயை எடுத்தார்கள். விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை வாயில் எதுவும் கூடாது என்று கண்டிப்பு. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்ததற்கே நர்ஸை முறைத்தார். இன்று காலை சோதித்துவிட்டுக் கரண்டியில் கொடுக்கலாம் என்றார்கள். சோடியம் 142. அப்பச்சி சொன்ன முதல் வார்த்தை "தண்ணி". தொண்டை கம்மி, காதைக் கிட்டே வைத்துத்தான் கேட்டது. நாலு கரண்டிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தியதும் ஆத்தாவைப் பார்த்து, "நீதான் அன்னைக்கு விடாம ஊத்துன, இன்னைக்கு என்ன?" என்றார். ஆத்தா அழுதுகொண்டே சிரித்தார். இளநீர்க் கதையை அவரிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஹெச் மாத்திரையை நிறுத்தி வேறு எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோடியம் பார்க்கச் சொன்னார்கள். ஸ்டெத் ஐயா, ஏபிஜியா லேபா என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். லேப், இனி எப்போதும் அதே லேப் என்றார்கள்.

இப்போது தூங்குகிறார். தூங்கும்முன் என்னைக் கூப்பிட்டு, பீமரத சாந்திக்குச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்று கேட்டார்.